தூங்கும்போது சார்ஜில் கிடக்கும் சைக்கிள் விளக்கு: அம்மாவின் பயம் நியாயம்தான்

தம்பி ஒருவர் கேட்டிருந்தார். பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பி பாலிக் புலாவ் பக்கம் சைக்கிள் ஓட்டப் போகிறார். முன்னால் மாட்டுவது இணையத்தில் வாங்கிய பெரிய விளக்கு. அதன் பேட்டரி தனிப் பொட்டலமாக சைக்கிள் சட்டத்தில் கட்டியிருக்கும். அதற்கென்று சுவரில் செருகும் சார்ஜரும் கூடவே வந்தது. பின்னால் யுஎஸ்பியில் சார்ஜ் ஆகும் சின்னச் சிவப்பு விளக்கு. சனிக்கிழமை இரவு இரண்டையும் வாசல் பக்கத்து பிளக்கில் மாட்டிவிட்டுத் தூங்கிவிடுகிறார். பேட்டரி வெடித்த செய்திகளைப் பார்த்துவிட்டு அம்மா தினமும் திட்டுகிறாராம். இவ்வளவு சின்ன பேட்டரிக்கு இவ்வளவு பயம் தேவையா, கைபேசி சார்ஜரில் போடலாமா, முனை பொருந்துகிற வேறு அடாப்டரைப் போடலாமா என்பவை அவர் கேள்விகள்.

அம்மா சொல்வது சரி. அதற்காக விளக்கைத் தூக்கி எறிய வேண்டாம், சைக்கிள் ஓட்டுவதையும் நிறுத்த வேண்டாம். 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தியதிலிருந்து, பினாங்கில் சூரியன் தலைகாட்டவே காலை 7 மணியாகிவிடுகிறது. 6 மணிக்குக் கிளம்புகிறவருக்கு நல்ல விளக்குதான் உயிர்க்காப்பு. ஆனால் இரண்டு பழக்கங்களை இன்றைக்கே விட்டுவிடுங்கள்: ஒன்று, வாசலில் சார்ஜ் போடுவது. இன்னொன்று, தூங்கும்போது சார்ஜ் போடுவது. மற்றதெல்லாம் இவற்றுக்கு அப்புறம்தான். பாயான் லெப்பாஸில் பல வருடம் பேட்டரிப் பொட்டலங்களைச் சோதிக்கும் வேலை பார்த்தவன் என்ற முறையில், ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் வாசல் விஷயம். அடுக்குமாடியில் சைக்கிளை நிறுத்த வேறு இடம் இருக்காது. கதவுக்குப் பக்கத்தில், செருப்பு அடுக்கோடு சேர்த்துத்தான் சாய்த்து வைப்போம். விளக்கும் அதிலேயே மாட்டியிருப்பதால், பக்கத்திலிருக்கும் பிளக்கிலேயே சார்ஜும் போட்டுவிடுகிறோம். இப்போது அந்த மூலையை நினைத்துப் பாருங்கள். ரப்பர் செருப்பு, காலணி, மழைச்சட்டை, பழைய செய்தித்தாள், டயர் எல்லாமே எரிகிற சாமான். வெளியே போக இருக்கும் ஒரே வழியும் அதுதான். அதற்கு வெளியே இரும்பு கிரில், அதில் பூட்டு, சாவி எங்கேயோ ஆணியில். இரவு 3 மணிக்கு அந்த மூலையில் புகை கிளம்பினால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் அதைத் தாண்டித்தான் வெளியே வர முடியும். பேட்டரித் தீயில் எனக்குப் பெரிய கவலை தீயின் அளவு இல்லை, அது எங்கே பிடிக்கிறது என்பதுதான். கூடத்தின் நடுவில், வெறும் மொசைக் தரையில் ஒரு விளக்கு தீப்பிடித்து எரிந்தால் தரை கருகும், சுவர் கரியாகும், வீடே நாறும். அதே விளக்கு வாசலில் எரிந்தால் கதை வேறு.

அம்மா பார்த்த செய்திகளில் பெரும்பாலானவை மின்சைக்கிள், மின்ஸ்கூட்டர் பேட்டரிகளைப் பற்றியவை. 2023-இல் நியூயார்க் நகரத்தில் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். அந்த பேட்டரிகளில் பல நூறு வாட்-மணி ஆற்றல் இருக்கும். உங்கள் பொட்டலத்தில் அவ்வளவு கிடையாது. பொதுவாக அதற்குள் 18650 என்ற உருளை செல் நான்கு இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஒரு செல் 2,600 மில்லி ஆம்பியர்-மணி என்றால் நான்கும் சேர்ந்து சுமார் 38 வாட்-மணி. இன்றைய கைபேசி இரண்டை ஒன்றாகக் கட்டி வைத்த அளவு. அளவில் சின்னதுதான், ஆனால் தீப்பிடிக்கும் விதம் பெரிய பேட்டரியைப் போலவேதான். செல்லுக்குள் இரண்டு மின்முனைத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கிறது. 130 டிகிரிக்கு மேல் போனால் அது உருகிச் சுருங்க ஆரம்பிக்கும். தகடுகள் தொட்டுக்கொள்ளும், இன்னும் சூடேறும், உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகிப் பீறிட்டு வெளியே வந்து பற்றிக்கொள்ளும். ஒரு செல் பற்றினால் ஒட்டிக்கொண்டிருக்கும் அடுத்த செல்லையும் சுடவைக்கும். புகை விஷம். அதைச் சுவாசித்து மயங்கிவிட்டால் தீயின் அளவைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இந்த நிலைக்குப் போகாமல் இருக்க, செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. அதைத் தாண்டினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிய ஆரம்பிக்கும், இன்னொரு முனை நிலைகுலையும். அதேபோல ரொம்பவும் வற்றவிட்டாலும் ஆபத்து. 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய் அப்படியே கிடந்தால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கலாம். மறுபடி சார்ஜ் போடும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து செத்துப்போன பேட்டரியை எப்படியாவது எழுப்பிவிட வேண்டும் என்று சிலர் முயற்சி செய்வார்கள். வேண்டவே வேண்டாம். நல்ல சார்ஜர் அதை ஏற்காமல் ஒதுக்குவது சரியான காரணத்துக்காகத்தான்.

இனி அடாப்டர் கேள்வி. மூன்று கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். உங்கள் பொட்டலத்தில் 7.4 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். இரண்டு செல் தொடராக, அப்படி இரண்டு ஜோடி. முழுதாக ஏறும்போது 8.4 வோல்ட். அதற்கான சார்ஜரின் அடியில் ‘அவுட்புட்’ என்ற இடத்தில் 8.4 என்றுதான் இருக்க வேண்டும். அதன் முனை வட்டமான குழாய் வடிவம். சிக்கல் இங்கேதான். ரவுட்டர், கண்காணிப்பு கேமரா, மேசை விளக்கு ஆகியவற்றின் 12 வோல்ட் அடாப்டர்களுக்கும் பெரும்பாலும் அதே முனைதான். கச்சிதமாகப் பொருந்தும். பொருந்துகிறதே என்று போட்டுவிட்டால், 8.4-இல் நிற்க வேண்டிய பேட்டரியை 12-ஐ நோக்கித் தள்ளுகிறீர்கள். அந்த நேரத்தில் உங்களைக் காப்பாற்றக்கூடியது பொட்டலத்துக்குள் இருக்கும் நகம் அளவுப் பாதுகாப்புப் பலகை மட்டும்தான். அதுவும் இருந்தால்.

இருந்தால் என்று சொல்லக் காரணம் உண்டு. நண்பர் ஒருவர் கொண்டுவந்த பொட்டலத்தை ஒருமுறை பிரித்துப் பார்த்தேன். வெளியே அழகான நீல உறை, மேலே பெரிய எழுத்தில் பெரிய எண். உறையை வெட்டினால் உள்ளே நான்கு செல்: இரண்டு ஊதா, இரண்டு சாம்பல், நான்கிலும் பழைய பற்றவைப்பைப் பிய்த்தெடுத்த தழும்பு. எங்கோ பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றியவை. பாதுகாப்புப் பலகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு மஞ்சள் பசைநாடா. அந்தப் பொட்டலம் அதுவரை விளக்கை ஒழுங்காகத்தான் எரியவைத்திருக்கிறது, ஒழுங்காகத்தான் சார்ஜும் ஆகியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆகவே வாங்கும்போதே எண்ணைப் பாருங்கள். 18650 செல் ஒன்றில் பொதுவாக 3,500 அல்லது 3,600 மில்லி ஆம்பியர்-மணி வரைதான் இருக்கும். ஒரே செல்லில் 6,800 என்றோ 9,900 என்றோ அச்சிட்டிருந்தால் அது பொய். எண்ணிலேயே பொய் சொல்கிறவர் உள்ளே பாதுகாப்புப் பலகைக்குச் செலவு செய்திருப்பார் என்று நான் நம்பமாட்டேன். நல்ல செல் கையில் எடுத்தால் கனமாக இருக்கும், சுமார் 45 கிராம். பேர் தெரிந்த நிறுவனத்தின் விளக்கை, ஊரில் கடை வைத்திருக்கும் சைக்கிள்காரரிடம் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதுதான் என் யோசனை. விளக்கு நன்றாக இருந்து பொட்டலத்தில் மட்டும் சந்தேகம் என்றால், பொட்டலத்தையும் சார்ஜரையும் சேர்த்து மாற்றுங்கள்.

சார்ஜரின் பிளக்கையும் பாருங்கள். நம் ஊர் சாக்கெட் மூன்று ஓட்டை, மேலே இருப்பது எர்த். வெளிநாட்டிலிருந்து வரும் சார்ஜர்களில் பலவற்றுக்கு இரண்டு முள்தான் இருக்கும். நாம் என்ன செய்கிறோம்? பேனா மூடியையோ சாப்ஸ்டிக்கையோ எர்த் ஓட்டையில் குத்தி, கீழே இருக்கும் தடுப்பு திறந்ததும் இரண்டு முள்ளைத் திணித்துவிடுகிறோம். பினாங்கில் இதைச் செய்யாத வீடு குறைவு. அந்த முள் அந்த ஓட்டைக்குச் செய்ததல்ல. தளர்வாக நிற்கும், லேசாக அசைந்தாலே பொறி தட்டும், தட்டத் தட்டச் சூடேறும். பேட்டரி நல்லதாகவே இருந்தாலும் சாக்கெட் உருகும். நம் மூன்று முள் பிளக்கில் இருப்பது போன்ற பியூஸும் அதில் கிடையாது. ஹார்ட்வேர் கடையில் சிரிம் என்ற மலேசியத் தரச் சான்று முத்திரை உள்ள மாற்று பிளக் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். முத்திரை உள்ள சார்ஜராகவே கிடைத்தால் இன்னும் நல்லது. வீட்டில் ஈஎல்சிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதே, ஏதாவது ஆனால் விழுந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மின்சாரம் கசிந்தால்தான் அது விழும். சார்ஜருக்கு அந்தப் பக்கம் பேட்டரிக்குள் நடப்பது அதற்குத் தெரியாது.

பின்விளக்கைக் கைபேசி சார்ஜரில் தாராளமாகப் போடலாம். வேகமாக ஏற்றும் சார்ஜர் என்பதால் விளக்குக்குள் அதிக வோல்ட்டைத் தள்ளிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடக்காது. எதிர்ப்பக்கம் இருக்கும் கருவி கேட்டால்தான் அது 9, 12 என்று ஏற்றும். கேட்கத் தெரியாத சின்ன விளக்குக்கு வழக்கமான 5 வோல்ட்தான் வரும். சார்ஜரில் 3 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது கொடுக்க முடிந்த அதிகபட்சம். விளக்கு தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். இதில் இன்னொரு விஷயம். சில மலிவு விளக்குகளில் டைப்-சி துளை இருந்தும், இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் போட்டால் சார்ஜே ஏறாது. விளக்கு கெட்டுவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள். அந்தத் துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு சின்ன மின்தடைகளைத் தயாரிப்பாளர் விட்டிருப்பார், அவ்வளவுதான். ஒரு பக்கம் பழைய அகலமான யுஎஸ்பி முனை உள்ள கேபிளில் போட்டுப் பாருங்கள், ஏறும்.

பின்விளக்கு ஏஏஏ பேட்டரியில் ஓடும் ரகம் என்றால், நிக்கல் ரக சார்ஜபிள் செல்களை அவற்றுக்கான சார்ஜரில் மட்டும் போடுங்கள். முடியும் தறுவாயில் கொஞ்சம் சூடாவது இயல்பு. சாதாரண அல்கலைன் செல்லையும் பொத்தான் செல்லையும் எந்தச் சார்ஜரிலும் போடக்கூடாது.

சரி, எங்கே, எப்போது போடுவது? கூடத்தில், கண்ணில் படும் இடத்தில், வெறும் தரையில். மொசைக்கோ டைல்ஸோ சிமெண்டோ எதுவானாலும் சரி. மெத்தை, சோபா, பாய், திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம். பீங்கான் தட்டின் மேல் வைப்பது இன்னும் நல்லது. பழைய மண்சட்டி இருந்தால் அதற்குள்ளும் வைக்கலாம், ஆனால் மூடி போடாதீர்கள். ஆவி வெளியேற வழி இருக்க வேண்டும். சமையலறைத் தரை நல்ல இடம் போலத் தெரியும், ஆனால் நம் வீடுகளில் அடுப்புக்குக் கீழேயே கேஸ் தோம்பு இருக்கும். சாமி மேடைக்குப் பக்கத்து பிளக்கும் வேண்டாம். அங்கே எண்ணெயும் திரியும் கற்பூரமும் இருக்கின்றன. பால்கனியில் வெயில், சாரல் இரண்டும் அடிக்கும்.

நேரத்துக்குச் சின்னக் கணக்கு போதும். பொட்டலம் 5,200 மில்லி ஆம்பியர்-மணி, சார்ஜர் 1 ஆம்பியர் என்றால், முற்றிலும் வற்றிய பேட்டரி நிறைய 6 மணி நேரம் போல ஆகும். கடைசியில் மெதுவாகத்தான் ஏறும். சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் போட்டால் 10 மணிக்குள் பச்சை விளக்கு வந்துவிடும். அம்மா தொடர் பார்த்துக்கொண்டிருப்பார், நீங்களும் வீட்டில் இருப்பீர்கள். பச்சை வந்ததும் கழற்றிவிடுங்கள். நல்ல சார்ஜர் அந்த இடத்தில் தானாகவே நிறுத்தும், மலிவானது நிறுத்தாமல் தள்ளிக்கொண்டே இருக்கலாம். எது எப்படி என்று வெளியிலிருந்து தெரியாது என்பதால்தான் கையால் கழற்றச் சொல்கிறேன். 6 மணி நேரத்தில் முடிய வேண்டியது 9 மணி நேரமாகியும் சிவப்பாகவே இருந்தால் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள், மறுபடி போடாதீர்கள். இடிமின்னல் நேரத்திலும் பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்லது. நம் ஊர் மின்னலுக்கு மலிவு சார்ஜர் தாங்காது.

ஓட்டிவிட்டு வந்த கையோடு சார்ஜ் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது ஏற்றக்கூடாது. வெயிலில் நின்ற காருக்குள் கிடந்த விளக்கு அதைச் சாதாரணமாகத் தாண்டியிருக்கும். மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் வைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள், சூடு தெரியாவிட்டால் போடுங்கள். குளிரட்டும் என்று ஐஸ்பெட்டியில் வைக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

மழையில் நனைந்த விளக்குக்கு அரை மணி போதாது. தெலுக் பகாங் ஏற்றத்தில் மழை பிடித்தால் எப்படி நனைவோம் என்று உங்களுக்கே தெரியும். ரப்பர் மூடியைத் திறந்து, துளை கீழே பார்க்கும்படி ஓர் இரவு காயவிடுங்கள். பத்து பெரிங்கி பக்கம் அடிக்கடி ஓட்டுகிறவர்கள் அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கடல் காற்றின் உப்பு பட்டு, தங்க நிற முனைகளில் பச்சையோ கறுப்போ படிந்திருக்கும். அப்படிப் படிந்த துளையில் சார்ஜ் போட்டால் பேட்டரிக்கு முன்னால் கேபிள் முனைதான் உருகும்.

ஆபத்து வரும் முன்னே பேட்டரி சில அறிகுறிகளைக் காட்டும். பின்விளக்குக்குள் இருப்பது பெரும்பாலும் தட்டையான, மெல்லிய உறையுள்ள செல். அது கெட்டால் உப்பும். விளக்கின் இரண்டு பாதிகள் சேரும் கோட்டில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தாலோ, நன்றாக அமுங்கிய பொத்தான் திடீரென்று இறுகினாலோ உள்ளே உப்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்விளக்கில் இருக்கும் உருளை செல் இரும்புக் கூடு என்பதால் உப்பிக் காட்டாது. தின்னர் போல லேசாக இனிக்கும் ஒரு வாசனை வந்தால் கசிகிறது என்று அர்த்தம். சார்ஜ் போடும்போது கை வைக்க முடியாத சூடு, கீழே விழுந்து நசுங்கிய மூலை, கிழிந்த உறை இதில் எது இருந்தாலும் அந்த பேட்டரியை இனிப் பயன்படுத்தக்கூடாது. உறை கிழிவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 18650 செல்லின் உடம்பு முழுவதும் எதிர்முனைதான். நேர்முனை பொத்தானுக்கும் அதைச் சுற்றியுள்ள விளிம்புக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் வளையம் மட்டுமே இருக்கிறது. செல்லைத் தனியாகக் கழற்றி வைத்திருப்பவர்கள் அதைச் சாவி, சில்லறையோடு பையில் போடவே கூடாது.

அதையும் மீறிப் புகை வந்துவிட்டால் கையில் எடுத்து ஓட வேண்டாம். முடிந்தால் சுவரிலுள்ள சுவிட்சை அணையுங்கள். எல்லோரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு 999-க்கு அழைத்து பொம்பாவை (தீயணைப்புத் துறையை) வரச் சொல்லுங்கள். தீ சின்னதாக இருந்து, மின்சாரமும் துண்டித்தாகி, உங்களுக்குப் பின்னால் வெளியேற வழியும் இருந்தால் மட்டும் நிறையத் தண்ணீர் ஊற்றலாம். பக்கத்து செல்கள் பற்றாமல் குளிரவைப்பது தண்ணீர்தான். பொடி அடிக்கும் தீயணைப்பான் சுவாலையை அடக்கும், சூட்டைக் குறைக்காது. அணைந்ததென்று நினைத்தது மறுபடி பற்றும். கூடத்தின் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி ஒன்றை மாட்டுங்கள். நல்ல விளக்கு ஒன்றின் விலைகூட ஆகாது.

சில வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதி அளவில் வைத்து, நிழலான அலமாரியில் போடுங்கள். முழுதாக ஏற்றி வைத்தால் சீக்கிரம் கிழடாகும், முழுதாக வற்றவிட்டால் நான் முன்னே சொன்ன செம்புச் சிக்கல். கெட்டதை மட்டும் குப்பைப் பையில் போட்டுவிடாதீர்கள். குப்பை லாரி நசுக்கும்போது அங்கே தீப்பிடிக்கும், பாதிக்கப்படுவது அதில் வேலை செய்கிறவர். முனைகளில் பசைநாடா ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

இப்போது உங்கள் சார்ஜரைத் திருப்பி அதன் அடியில் இருப்பதைப் படியுங்கள். அவுட்புட் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், சிரிம் முத்திரை இருக்கிறதா, பிளக் எத்தனை முள்? பொட்டலத்தின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதே சார்ஜரை வைத்துக்கொள்ளலாமா, மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்விளக்கைச் சார்ஜ் போட வேண்டாம்.